நாலு படிச் சொந்தம்

மகன்,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உன்னோடு போனில் ஒரு விஷயத்தைத் தொடங்கி முடித்து எவ்வளவு காலமாகிறது என்று நீயே யோசித்துப் பார். "அம்மா, ஒரு நிமிசம்" என்பாய். அந்த ஒரு நிமிடத்துக்குள் யாரோ ஒருவரின் தெருவில் குப்பை அள்ளியிருக்க மாட்டார்கள், இன்னொருவரின் தரிப்பில் பஸ் நின்றிருக்காது. நான் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு என் முதலாளியம்மா சிஞ்ஞோராவின் வீட்டு யன்னல்களை எல்லாம் துடைத்து முடித்துவிடுவேன். பிறகு நீ "அம்மா, பிறகு எடுக்கிறன்" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன். வியாழக்கிழமை அந்தப் பள்ளிக்கூட விஷயம் திரும்பவும் மாநகரசபைக்கு வருகிறது. அதற்கு முதல் ஓரிடத்தில் ஆறுதலாக இருந்து இதை முழுதாக வாசி. ஒழுங்காக எழுதியிருப்பேன் என்று எதிர்பார்க்காதே. எனக்கு விளங்கியவை கொஞ்சம், விளங்காதவை அதிகம்.

நீ தேர்தலில் நிற்கப் போகிறேன் என்று சொன்ன நாளில் இருந்தே எனக்குக் குழப்பம்தான். வக்கீல் கந்தோரில் நல்ல வேலை இருக்கிறது, கல்யாணத்தைப் பேசலாம் என்று நான் இருக்க, நீ சுவரெல்லாம் உன் படத்தை ஒட்டிக்கொண்டு திரிந்தாய். முதல் தடவை தோற்றபோது உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம், சொல்லவில்லை. இரண்டாம் தடவை வென்றாய். வாக்குச் சீட்டில் குடும்பப் பெயரைக் கையால் எழுத வேண்டுமாமே. எங்களிடம் ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் கிடந்த உன் அப்பாவின் பெயரைத்தான் பலெர்மோக்காரர் எழுதினார்கள். அந்த மனுஷன் ஒரு மாதம் நிலத்தில் நடக்கவில்லை. சந்தையில் மீன்காரன் "கொன்சில்யேரேயின் அப்பா" என்று கூப்பிட்டு ஒரு கணவாய் மீனைக் கூடப் போட்டுக் கொடுத்தான் என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். கவுன்சிலர் என்றால் கார் தருவார்கள் என்று நானும் எங்கள் தமிழ்ச் சங்கத்துச் செல்வியிடம் சொல்லிவிட்டேன். நீ அதே பழைய ஸ்கூட்டரில் வந்து இறங்கியபோது அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

அந்தச் சந்தோஷத்தில்தான் நாங்கள் அந்த மடைத்தனத்தைச் செய்தோம். நீ வென்ற கையோடு எங்கள் சங்கத்துக்கு உன் அப்பாவைத் தலைவராகப் போட்டார்கள். மாலை வாங்கிக் கொடுத்தது நான்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். "மகன் கொன்சில்யேரே, தேப்பன் தலைவர். இனி ஆர் எங்களுக்கு இல்லையெண்டு சொல்லப் போறான்?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். எல்லோரும் கை தட்டினோம். நீ அன்றிரவே அப்பாவிடம் வேண்டாம் என்று சொன்னாயாம். அவர் அதை என்னிடம் சொல்லவேயில்லை. கேட்டால், "மகன் கூச்சப்படுறான் எண்டு நினைச்சன்" என்கிறார். எங்கள் பக்கத்தில் பதவிக்கு வந்த பிள்ளை அப்படித்தான் வேண்டாம் வேண்டாம் என்பான், நாங்கள்தான் வற்புறுத்திக் கழுத்தில் போட வேண்டும் என்று அவருக்கு எண்ணம். எனக்கும் அதே எண்ணம்தான்.

இதெல்லாம் எதற்காக என்பது உனக்குத் தெரியும். ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பின்னால் அந்த நிலக்கீழ் அறையில்தான் சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு நடக்கிறது. நீயும் அதில்தான் படித்தாய். சுவரில் ஈரம், ஒரேயொரு யன்னல், அதிலும் தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும்தான் தெரியும். இப்போது வீட்டுக்காரன் அதைச் சுற்றுலாக்காரருக்குக் கொடுக்கப் போகிறானாம். கோடை முடிய முதல் விடச் சொல்லிவிட்டான். பிரான்காச்சோவில் பூட்டிக் கிடக்கிற அந்தச் சின்னப் பள்ளிக்கூடக் கட்டடத்தை எங்களுக்குத் தந்தால் பிள்ளைகளுக்கும் இடம், ஒரு சாவீடு என்றாலும் நாலு பேர் கூடியிருக்க இடம். மாநகரசபை வாக்கெடுத்து ஓம் என்றால் போதும் என்றார்கள். எங்கள் பிள்ளை உள்ளே இருக்கிறான், இனியென்ன என்று இருந்தோம்.

அந்த வியாழக்கிழமையை நினைத்தால் இப்போதும் எனக்கு முகம் சுடுகிறது. வீட்டு வேலைக்காரருக்கு வியாழன் பின்னேரம் லீவு என்பதால் எங்கள் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். பட்டுச் சேலை, தலையில் பூ. சபைக் கட்டடத்துக்கு முன்னால் அந்த நீரூற்றைச் சுற்றி உடுப்பில்லாத சிலைகள் நிற்கிறதல்லவா, நாங்கள் எல்லோரும் நிலத்தைப் பார்த்தபடி வரிசையாக நடந்து போனோம். செல்வி மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். மேலே போய்ப் பார்க்க வருகிற சனங்களுக்கான வாங்கு வரிசையில் இருந்தோம். எங்கள் விஷயத்தை வாசித்தார்கள். எனக்குச் சங்கத்தின் பெயர் மட்டும் விளங்கியது. உடனே நீ எழும்பினாய். பேசப் போகிறாய் என்று நாங்கள் நிமிர்ந்து இருந்தோம். நீ ஏதோ இரண்டு வார்த்தை சொன்னாய், பைலை மூடினாய், கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டாய்.

"அக்கா, தம்பி எங்கை போறான்?" என்று செல்வி கேட்டாள்.

"பாத்ரூமுக்காக்கும். வருவான்."

"இந்த நேரத்திலையோ?"

"காலமையிலை இருந்து தண்ணிதான் குடிச்சுக்கொண்டு இருக்கிறான், பிள்ளை. வந்திடுவான்."

நான் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன், மகன். ஆட்கள் மாறி மாறிக் கதைத்தார்கள். வாக்கெடுத்தார்கள். கதவு திறக்கவில்லை. இரண்டு பக்கமும் சமமாக வந்தது, சமமாக வந்தால் விழுந்ததாகக் கணக்கு என்று பக்கத்தில் இருந்த ஒரு கிழவர் எனக்குக் கை விரல்களால் காட்டினார். ஒரு வாக்கு. என்னுடைய பிள்ளையின் ஒரேயொரு வாக்கு. படியில் இறங்கும்போது எல்லோரும் என்னை விட்டுவிட்டு முன்னால் நடந்தார்கள். நீ கீழே சுவரில் சாய்ந்துகொண்டு நின்றாய். உன் முகத்தைப் பார்த்தபோது திட்டவும் மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்துதான் விளங்கப்படுத்தினாய். "அம்மா, அப்பா தலைவரா இருக்கிறதுக்கு நான் வாக்குப் போடேலாது. அதைப்பற்றிக் கதைக்கவும் ஏலாது. வெளியிலை போகவேணும். அதுதான் சட்டம்." எனக்கு வந்த கோபத்துக்கு, "சொந்தக்காரருக்குச் செய்யாமல் பிறகு ஆருக்கடா செய்யிறது?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். இப்போது யோசித்தால் அந்தக் கேள்வியிலேயே உன் பதில் இருக்கிறது. ஆனால் அப்போது எனக்கு விளங்கியதெல்லாம் ஒன்றுதான். உன்னைக் கை பிடித்து நடத்திய அப்பாவே உனக்குக் குறுக்கே நிற்கிறார். இது என்ன நாடு என்று அன்றைக்கு எனக்கு வெறுத்துப் போனது. அந்த மனுஷன் அடுத்த கிழமை பதவியை விட்டார். அன்றைக்கு மாலையோடு எடுத்த படத்தை மட்டும் இன்னும் சுவரிலிருந்து கழற்றவில்லை.

பிறகு ஒரு கூட்டம் வைத்தோம். விஷயத்தைத் திரும்பவும் சபைக்குக் கொண்டுவரலாம், ஆனால் நிர்வாகத்தில் உன் சொந்தக்காரர் ஒருவரும் இருக்கக் கூடாது, நாலு படி வரைக்கும் பார்ப்பார்கள் என்றாய். மேலே ஏறிப் பாட்டன் வரை போய், அங்கேயிருந்து கீழே இறங்கி எண்ண வேண்டுமாம். உனக்கு ஞாபகம் இருக்கிறதா அந்தக் கூத்து? ஒருவரை ஒருவர் கூப்பிட்டு வந்த சனம் நாங்கள். எங்களில் பாதிப்பேருக்கு நீ தம்பியோ மருமகனோதான். கல்யாணம் பேசும்போது எங்கேயாவது ஒரு சொந்தத்தைத் தேடிப் பிடிப்பவர்கள், அன்றைக்குச் சொந்தம் இல்லை என்று காட்டப் பாடுபட்டார்கள். உன் சித்தப்பா எழும்பி, "நாங்கள் ரெண்டு வீடும் கதைச்சே கனகாலம். அதுவும் சொந்தமோ?" என்று கேட்டார். நீ, "ஓம் சித்தப்பா, கதைக்காட்டிலும் மூண்டாம் படி" என்றாய். அவ்வளவு நாளைக்குப் பிறகு அவர் எங்கள் அறையில் சிரித்தது அன்றைக்குத்தான். நான் அண்ணா அண்ணா என்று கூப்பிடுகிற வவா அண்ணை இத்தாலிக் கணக்கில் எனக்கு ஆருமில்லையாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவருக்கு இரண்டாம் தரமும் தேத்தண்ணி கொடுத்தேன்.

கடைசியில் செல்விதான் சொன்னாள். அவள் மனதில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. "குணமண்ணையைத் தலைவராப் போடுவம். அவர் ஒருத்தருக்கும் ஒண்டுமில்லைத்தானே." எல்லோரும் ஓம் ஓம் என்றார்கள். வகுப்பைத் தொடங்கியவரே அவர்தான், சனிக்கிழமைகளில் கதவைத் திறப்பவர் அவர்தான், ஒருவரோடும் சண்டையில்லாத மனிதர். நான் குணத்தாரைப் பார்த்தேன். அவர் கதிரைகளை அடுக்கிக்கொண்டு நின்றார். அடுக்கி முடித்துவிட்டு, "சரி, போடுங்கோ" என்றார். நீயும் அப்போது வேறு பக்கம் பார்த்தாய், நான் கண்டேன்.

குணம் மாமா யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நீ குழந்தையாக இருந்ததால் பாதி உனக்குத் தெரியாது. அவர் மன்னார், கத்தோலிக்க வேதக்காரர். நாங்கள் யாழ்ப்பாணம், சைவம். கப்பலிலோ விமானத்திலோ ஒன்றாக வந்தவர்களும் இல்லை. வாடகையைப் பங்கு போட ஆள் தேடியபோது வந்து சேர்ந்தவர். நான் மொந்தெல்லோவில் ஒரு கிழச் சிஞ்ஞோராவோடு தங்கி வேலை செய்தேன், வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் வீடு. உன் அப்பா தோட்ட வேலைக்கு விடிய முதல் போய் இருட்டித்தான் வருவார். குணத்தாருக்கு வியா மக்வேதா தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பின்னேரத்தில்தான் கோப்பை கழுவுகிற வேலை. அதனால் பகலில் உனக்கு அவர்தான் எல்லாம். பள்ளிக்கூடத்தில் சொந்தக்காரர் மட்டும்தான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றபோது, மாமா என்று எழுதிக் கையெழுத்து வைத்தவர் அவர். நாங்கள் கேட்கவில்லை. தானாக எழுதிவிட்டு வந்து, "எழுதிப்போட்டன், பிழையோ?" என்று கேட்டார். உன் சோற்றுக் கோப்பையில் மீன் முள் எடுத்து வைக்க அவர் பட்ட பாட்டை நான் ஒரு வியாழக்கிழமை கதவில் நின்று பார்த்தேன். எனக்குப் பொறாமையாக இருந்தது, மகன். நான் பெற்ற பிள்ளை என்னிடம் வராமல் அவர் மடியில் இருந்தாய்.

உன்னுடைய அரசியலும் அவரிடம்தான் தொடங்கியது என்று நான் நினைக்கிறேன். இங்கே இருக்க அனுமதிக்கிற அவருடைய பெர்மெசோவைப் புதுப்பிக்கப் பொலிஸ் கந்தோருக்கு, அந்த க்வெஸ்தூராவுக்கு, உன்னைக் கூட்டிக்கொண்டு போவார். அவருக்கு மொழி வராது, உனக்கு யன்னல் எட்டாது. தூக்கிப் பிடிப்பார், நீ கதைப்பாய். ஒரு நாள் அந்த அதிகாரி, நீ ஆரடா இதைக் கேட்க என்றானாம். "நான் இவருடைய மருமகன்" என்று இத்தாலியில் சொல்லிவிட்டு, ஏன் இவ்வளவு நாள் காக்க வைக்கிறீர்கள் என்று கேட்டாயாம். வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தார்களாம். அதற்குப் பிறகு எங்கள் சனம் க்வெஸ்தூராவுக்குப் போக நாள் பார்த்தது உன்னுடைய பள்ளிக்கூட லீவைப் பார்த்துத்தான். அவர்களின் அலுவல் முடிந்ததோ இல்லையோ, எந்த யன்னலிலும் பயமில்லாமல் வாய் திறக்க அங்கேதான் பழகினாய்.

அந்த மனிதர்தான் போன மாதம் உனக்கும் தனக்கும் எந்தச் சொந்தமும் இல்லை என்று கையெழுத்து வைத்தார். மாநகரசபைக் கந்தோருக்குத் தனியே போகக் கூச்சமாக இருக்கிறது, வாறியளோ என்று என்னைக் கேட்டார். போனேன். மேசையில் இருந்த பெண் பிள்ளை நல்லவள், ஒவ்வொரு வரியாக வாசித்து விளங்கப்படுத்தினாள். ரத்தச் சொந்தமில்லை, கல்யாணத்தால் வந்த சொந்தமும் இல்லை, நாலு படி வரைக்கும் ஒன்றுமில்லை. குணத்தார் தன் உடைந்த இத்தாலியில், "அப்ப நான் அவனுக்கு ஒண்டுமில்லையோ?" என்று கேட்டார். அவள் சிரித்துக்கொண்டு, சட்டத்துக்கு மட்டும்தான் ஐயா என்றாள். அவர் தலையை ஆட்டினார், கையெழுத்தை வைத்தார். வெளியே வந்தோம். வியா மக்வேதா முழுக்க வெள்ளைக்காரக் கூட்டம், ஐஸ்கிரீமும் கையுமாக. அதற்குள் நடந்துகொண்டே, "முந்திப் பொய் சொல்லி மாமாவானன். இப்ப உண்மையைச் சொல்லிப் பிறத்தியாளாப் போனன்" என்றார். சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து குளியலறைக்குள் போய்த்தான் அழுதேன்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறு அவர் மணி அடித்தார். இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டு மணியை அவர் அடித்ததேயில்லை. நேரே குசினிக்குள் வந்து சட்டியைத் திறந்து பார்க்கிற ஆள், அன்றைக்கு முன் அறையில் கதிரை விளிம்பில் இருந்துகொண்டு, "தேத்தண்ணி இருந்தாத் தாங்கோ" என்றார். உன் அப்பா, "என்ன குணம், பொம்பிளை பாக்க வந்த மாதிரி இருக்கிறாய்" என்று பகிடி விட்டார். "தலைவர் இனிக் கவனமா இருக்கவேணும், அண்ணை. ஆரும் பாத்தினமெண்டால் பிள்ளைக்குக் கூடாது" என்றார் குணத்தார். அவர் பகிடிக்குச் சொன்னாரா, உண்மையாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சோறு போட்டேன், சாப்பிடாமல் போய்விட்டார்.

இந்தக் குழப்பத்துக்குள்தான் போன கிழமை நீ போன் எடுத்தாய். உன் குரலே வேறு மாதிரி இருந்தது. "அம்மா, வியாழக்கிழமை நான் இருக்க மாட்டன். திரும்பவும் எழும்பிப் போகப் போறன். மாமா அதிலை தலைவரா இருக்கேக்கை, எனக்கு அவர் ஆருமில்லையெண்டு நான் எப்பிடி இருந்து வாக்குப் போடுறது? இவர் எனக்குச் சொந்தம் எண்டு எல்லாருக்கும் முன்னாலை சொல்லிப்போட்டுப் போவன்." நான் சிஞ்ஞோராவின் குசினியில் நின்று அழுதுவிட்டேன். சிஞ்ஞோரா பயந்துபோய் என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் கையிலிருந்த கோப்பையை வைத்துவிட்டு, "இஞ்சை நான் கேள்விப்பட்டதெல்லாம் சொந்தக்காரனைச் சொந்தமில்லையெண்டு சொல்லுறவையைத்தான். உன்ர மகன் தலைகீழாப் பிறந்தவன்" என்கிற மாதிரி இத்தாலியில் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது, ஒளிக்க மாட்டேன். இப்படிப்பட்ட பிள்ளையை வளர்த்திருக்கிறோம் என்று இருந்தது. பிறகு பஸ்ஸில் வரும்போது, இரண்டு பக்கமும் மறுபடி சமமாக வந்தால் என்ன செய்வது என்ற யோசனை வந்தது. கோடை முடிந்தால் பிள்ளைகள் எங்கே இருந்து படிப்பார்கள்? இன்னொரு தரம் நீ எழும்பிப் போனால் எங்கள் சனம் அடுத்த தேர்தலில் அந்தப் பெயரை எழுதுமா? எழுதாவிட்டால் உன்னுடைய இத்தனை வருஷப் பாடு என்னாகும்? ஒரு தரிப்புக்குப் பெருமை, அடுத்த தரிப்புக்குப் பயம், இப்படியே பிரான்காச்சோ வரை வந்தேன். இறங்கி வீட்டுக்குப் போகவில்லை. நேரே குணத்தாரிடம் போனேன். நீ சொன்னதைச் சொன்னால் அந்த மனுஷனின் மனமாவது ஆறும் என்று நினைத்தேன்.

அவர் வியாழக்கிழமைக்குப் போட வெள்ளைச் சட்டையை அயர்ன் பண்ணிக்கொண்டு நின்றார். நான் முழுவதையும் சொன்னேன். அவர் கண் கலங்குவார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் அயர்னை நிமிர்த்தி வைத்தார். அவர் முகம் அப்படிக் கறுத்ததை நான் இதுவரை கண்டதில்லை.

"அவனுக்கென்ன விசரோ?" என்றார்.

"அவன் உங்களிலை இருக்கிற பாசத்திலைதானே..."

"எனக்குத் தெரியும் பிள்ளை, தெரியும். அந்தப் பாசத்துக்காகத்தானே நான் போய் அதிலை கையெழுத்து வைச்சனான். அவன் கதிரையிலை இருக்கவேணுமெண்டுதானே வைச்சனான். இப்ப எழும்பினானெண்டால் பிள்ளையளுக்கு இடமும் இல்லை, நானும் அவனுக்குச் சொந்தமில்லையெண்டு எழுதிக் குடுத்தவன். ரெண்டும் போச்செல்லோ?"

நீங்களே அவனுக்குச் சொல்லுங்கோ என்று போனை நீட்டினேன். வாங்கவில்லை. வாக்கெடுப்புக்கு முதல் தலைவர் கவுன்சிலரோடு கதைக்கக் கூடாது, அதுவும் பிழையாகிவிடும் என்றார். அந்தப் பெண் பிள்ளை சொன்னதாகச் சொன்னார். சொன்னாளோ இல்லையோ எனக்குத் தெரியாது. சட்டை கருகுகிறது என்று இல்லாத ஒன்றைச் சொல்லி அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். நான் வாசலுக்கு வந்த பிறகுதான் கூப்பிட்டார்.

"அவனை இருக்கச் சொல்லுங்கோ. மாமா சொன்னது எண்டு சொல்லுங்கோ."

சொல்லிவிட்டேன், மகன்.

அம்மா